கேபிள் செருகியும் இணையம் வரவில்லையே! வாசகர் கேள்விகளும் பதில்களும்

வைஃபையில் ஒழுங்காக இயங்கும் மடிக்கணினி, ஈதர்நெட் கேபிளைச் செருகியதும் இணையத்தைக் காட்ட மறுக்கிறது என்ற புகாருடன் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒரே சிக்கலாகத் தெரிந்தாலும் காரணங்கள் வேறு வேறு என்பதால், அவற்றைத் தனித்தனியே எடுத்துக்கொள்கிறோம். ஏறத்தாழ ஒரே விதமான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்து மடிக்கணினியில் செருகினால் ‘அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்’ என்று வருகிறது, இணையம் இல்லை. அதே ரூட்டரின் வைஃபையில் எல்லாம் சரியாக இருக்கிறது. விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன். ‘நெட்வொர்க் ரீசெட்’ கொடுத்துப் பார்க்கும்படியும், அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸையே புதிதாக நிறுவிவிடும்படியும் நண்பர் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நண்பர் சொன்ன இரண்டையும் கடைசிக்கு ஒத்திவையுங்கள். நெட்வொர்க் ரீசெட் என்பது கணினியில் உள்ள எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் நீக்கி மீண்டும் நிறுவும் வேலை. சேமித்து வைத்திருக்கும் வைஃபை கடவுச்சொற்கள் அதில் போய்விடும், விபிஎன் மென்பொருள் இருந்தால் அதையும் மறுபடி அமைக்க வேண்டி வரலாம். பழுது கேபிளிலோ ரூட்டரிலோ இருந்தால் இத்தனையும் செய்த பிறகும் நிலைமை அப்படியேதான் இருக்கும். அதைவிட மோசம், எந்த அமைப்பு தவறாக இருந்தது என்று கண்டறியும் வாய்ப்பையும் அது அழித்துவிடுகிறது.

உங்கள் கேள்விக்குள்ளேயே ஒரு தடயம் இருக்கிறது. கேபிளில் மின்தொடர்பே இல்லையென்றால் விண்டோஸ் ‘நெட்வொர்க் கேபிள் அன்பிளக்டு’ என்று சொல்லியிருக்கும். ‘அன்ஐடென்டிஃபைடு’ என்று சொல்வதால், மறுமுனையில் ஏதோ ஒரு கருவி இருப்பதை மடிக்கணினி உணர்ந்துவிட்டது. ஆனால் அந்த நெட்வொர்க் எது என்று அடையாளம் காணத் தேவையான தகவல் அதற்குக் கிடைக்கவில்லை. ஆகவே நீங்கள் நான்கு விஷயங்களை இதே வரிசையில் பார்க்க வேண்டும்: தொடர்பு இருக்கிறதா, முகவரி கிடைத்திருக்கிறதா, ரூட்டர் பதில் சொல்கிறதா, இணையதளப் பெயர்கள் எண் முகவரிகளாக மாறுகின்றனவா. ஒவ்வொன்றும் முந்தையதன்மேல் நிற்பதால், முதலாவது இல்லாதபோது மூன்றாவதைத் திருத்த முயல்வது வீண் வேலை.

தொடர்பைச் சொல்பவை போர்ட்டின் அருகில் இருக்கும் சிறு விளக்குகள். அவற்றின் நிறத்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பொருள் கிடையாது. பெரும்பாலும் நிலையாக எரிவது தொடர்பையும், சிமிட்டுவது தரவு போய் வருவதையும் குறிக்கும். இப்போதைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் விளக்கே இருப்பதில்லை. அப்போது ரூட்டரின் பக்கத்தில் உள்ள விளக்கைப் பாருங்கள். கேபிளைச் செருகும்போது அது எரிந்து, எடுக்கும்போது அணைய வேண்டும்.

அடுத்தது முகவரி. கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றித் தட்டுங்கள். ஈதர்நெட் என்ற தலைப்பின்கீழ் வரும் ஐபிவி4 முகவரிதான் இந்த விசாரணையில் மிக முக்கியமான சாட்சி. அது 169.254 என்று தொடங்கினால், மடிக்கணினி முகவரி கேட்டு அனுப்பிய வேண்டுகோளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று பொருள். வழக்கமாக ரூட்டரில் உள்ள டிஎச்சிபி சேவைதான் முகவரிகளை வழங்கும். அதனிடமிருந்து பதில் வராதபோது விண்டோஸ் தானே இந்த வரிசையில் ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இணையத்துக்குச் செல்ல முடியாது. பலர் ‘ஐபி முகவரி வந்துவிட்டதே’ என்று நினைத்து, இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

169.254 வந்திருந்தால் இயங்குதளத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். ரூட்டரின் வேறொரு லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளை இணைக்கும் துளை) செருகுங்கள். பிழையின்றி இயங்குவதாக உங்களுக்குத் தெரிந்த வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிவதால் மட்டும் கேபிள் நல்லது என்று முடிவு செய்துவிட முடியாது. தொடர்பு ஏற்படும் அளவுக்குச் சமிக்ஞை போய், தரவுப் பொதிகள் சிதைந்து வரும் கேபிள்கள் உண்டு. தவறுதலாக ரூட்டரின் வேன் போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து இணையம் வரும் துளையில், செருகியிருந்தாலும் இதே 169.254தான் வரும், ஏனெனில் அந்தப் பக்கத்தில் ரூட்டர் முகவரி வழங்குவதில்லை. ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுவதும் இந்தக் கட்டத்தில் நியாயமான சோதனைதான். பிறகு ‘ஐபிகான்ஃபிக்’ என்பதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் ‘ரிலீஸ்’ என்றும், அடுத்து அதேபோல ‘ரினியூ’ என்றும் கொடுத்தால் புதிய முகவரி கேட்கும் வேலை உடனே நடக்கும்.

முகவரி 169.254 இல்லாமல், உங்கள் ரூட்டரின் வரிசைக்குச் சம்பந்தமில்லாத வேறொன்றாக இருந்தால், பெரும்பாலும் யாரோ எப்போதோ அதைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள். ரூட்டர் 192.168.1 என்ற வரிசையில் முகவரி கொடுத்துக்கொண்டிருக்க, மடிக்கணினியில் 10 என்று தொடங்கும் நிலையான முகவரி இருந்தால் இரண்டும் பேசிக்கொள்ள வழியில்லை. வைஃபைக்கும் ஈதர்நெட்டுக்கும் இந்த அமைப்புகள் தனித்தனி என்பதை மறந்துவிடாதீர்கள். ஒன்று சரியாக இருப்பது மற்றதற்குச் சான்று ஆகாது. செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதிக்குச் சென்று ஐபி ஒதுக்கீட்டையும் டிஎன்எஸ் ஒதுக்கீட்டையும் தானியங்கி நிலைக்கு மாற்றுங்கள். முன்பு அலுவலகத்திலோ ஆய்வகத்திலோ பயன்பட்ட மடிக்கணினிகளில் இதுவே காரணமாக இருப்பது மிகச் சாதாரணம்.

முகவரி சரியாக இருந்தால், வைஃபையை அணைத்துவிட்டு, அதே கட்டளையின் விடையில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்று காட்டப்படும் எண்ணுக்கு, அதாவது ரூட்டரின் முகவரிக்கு, ‘பிங்’ எனும் சோதனைச் செய்தியை அனுப்புங்கள். பதில் வந்தால் மடிக்கணினியிலிருந்து ரூட்டர் வரையிலான பாதை முழுவதும் நலம். 127.0.0.1க்கு பிங் அனுப்பிப் பதில் வந்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பொதி கணினிக்குள்ளேயே சுற்றித் திரும்புவதால், கேபிளைக் கழற்றி வைத்திருந்தாலும் பதில் வரத்தான் செய்யும். சில ரூட்டர்கள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும் என்பதால், பதில் வராதபோது ‘ஏஆர்பி’ கட்டளையை ‘மைனஸ் ஏ’ சேர்த்துக் கொடுத்து, கேட்வே எண்ணுக்கு எதிரே 12 இலக்க மேக் முகவரி (நெட்வொர்க் சிப்புக்கே உரிய அடையாள எண்) தெரிகிறதா என்றும் பாருங்கள். அது தெரிந்தால் ரூட்டர் உங்களிடம் பேசியிருக்கிறது.

ரூட்டர் பேசுகிறது, ஆனால் இணையதளங்கள் திறக்கவில்லை என்றால் 8.8.8.8க்கு பிங் அனுப்புங்கள். அதற்குப் பதில் வந்து, ஓர் இணையதளத்தின் பெயருக்கு அனுப்பும்போது மட்டும் ‘ஹோஸ்ட் கிடைக்கவில்லை’ என்ற பொருளில் செய்தி வந்தால், கோளாறு டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. அதற்குமேல் கேபிளைத் தொடவே தேவையில்லை. எண்ணுக்கும் பெயருக்கும் பதில் வந்து, உலாவி மட்டும் முரண்டு பிடித்தால் பிராக்ஸி (இடைநிலைக் கணினி வழியாக இணையத்துக்குச் செல்லும்) அமைப்பையும், விபிஎன் மென்பொருளையும் பாருங்கள். விபிஎன் துண்டிக்கப்பட்டால் இணையத்தையே முடக்கும் ‘கில் சுவிட்ச்’ வசதி, அந்த மென்பொருளை மூடிய பிறகும் வேலை செய்துகொண்டிருப்பது உண்டு.

இவையனைத்தும் முடிந்து, வேறு ஒரு கணினி அதே கேபிளில் நன்றாக இயங்குகிறது என்பதும் உறுதியான பிறகு, நண்பர் சொன்ன ரீசெட்டைக் கொடுங்கள். அதற்கு அப்பால் விண்டோஸை மீண்டும் நிறுவும் நிலை அபூர்வமாகவே வரும்.

கேள்வி: கேபிளைச் செருகினால் என் மடிக்கணினியில் விளக்கு எரிவதே இல்லை. அதே கேபிள் தம்பியின் கணினியில் வேலை செய்கிறது. போர்ட் போய்விட்டதா?

பதில்: போயிருக்கலாம், ஆனால் அதை உறுதி செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. கணினியை அணைத்து, போர்ட்டுக்குள் விளக்கொளி அடித்துப் பாருங்கள். உள்ளே எட்டுப் பொன்னிறக் கம்பிகள் ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். ஒன்று வளைந்தோ பக்கத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டோ இருந்தால் காரணம் அதுதான். தொலைபேசிக் கம்பியின் சிறிய முனை இந்தத் துளைக்குள் நுழைந்துவிடும் என்பதால், தெரியாமல் யாராவது அதைச் செருகி, ஓரத்துக் கம்பிகளை நசுக்கியிருக்கக்கூடும். கேபிள் முனையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் அது முழுவதுமாக உள்ளே பூட்டிக்கொள்ளாது. தம்பியின் கணினியில் துளை இறுக்கமாக இருந்து, உங்களுடையதில் தளர்ந்திருந்தால், ஒரே கேபிள் ஓரிடத்தில் வேலை செய்து இன்னோரிடத்தில் செய்யாமல் போவதற்கு அதுவே போதும். சில மெல்லிய மடிக்கணினிகளில் போர்ட்டின் கீழ்த்தாடை கீழே இறங்கித் திறக்கும். அதை நன்றாகத் திறந்துதான் செருக வேண்டும்.

இதில் குறை இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்கள் பகுதியைத் திறந்து, ஈதர்நெட் அடாப்டர்மீது கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது. வலப்பக்கச் சொடுக்கில் ‘எனேபிள்’ கொடுத்தால் போதும். பண்புகளைத் திறந்தால் தெரியும் குறியீட்டு எண்ணும் உதவும். 22 என்றால் முடக்கப்பட்டது, 28 என்றால் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) நிறுவப்படவில்லை, 10 என்றால் கருவி தொடங்க மறுக்கிறது. கணினி தொடங்கும்போதே இயங்கும் பயாஸ் அமைப்பிலேயே லேன் சிப்பை அணைத்து வைக்கும் வசதி பல மடிக்கணினிகளில் இருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கணினியை முழுமையாக அணைத்து, மின்கம்பியை எடுத்து, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் கழற்றி, ஆற்றல் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கணினி அணைந்திருக்கும்போதும் லேன் சிப்புக்குச் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும் என்பதால், சிக்கிக்கொண்ட சிப் சாதாரண மறுதொடக்கத்தில் விடுபடாமல் இப்படி முழுமையாக மின்சாரம் வடிந்த பிறகு விடுபடுவது உண்டு. இதிலும் எழவில்லையென்றால் யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதில் இணைப்பு வந்தால் உங்கள் சந்தேகம் சரி, போர்ட்டோ அதன் சிப்போ பழுது. மதர்போர்டைத் தொட வேண்டிய பழுதுபார்ப்பைவிட அந்த அடாப்டரையே நிரந்தரமாக வைத்துக்கொள்வது பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

கேள்வி: விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். டிவைஸ் மேனேஜரில் ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்று மஞ்சள் குறியுடன் நிற்கிறது. வைஃபையும் வரவில்லை. டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும். என்ன செய்வது?

பதில்: ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, அதில் ‘யுஎஸ்பி டெதரிங்’ வசதியை இயக்குங்கள். இதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் கைப்பேசி ஒரு நெட்வொர்க் அடாப்டராகத் தோன்றும். பிறகு விண்டோஸ் அப்டேட்டில் உள்ள விருப்பப் புதுப்பிப்புகள் வழியாகவே டிரைவர் வந்துவிட வாய்ப்பு அதிகம். வராவிட்டால் மடிக்கணினி நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். கணினியை ஆராய்ந்து எல்லா டிரைவர்களையும் தானே நிறுவித் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கம் போக வேண்டாம்.

எந்தச் சிப் என்று தெரியாவிட்டால், அந்த மஞ்சள் குறிப் பதிவின் பண்புகளில் ‘டீடெயில்ஸ்’ பகுதியில் ‘ஹார்டுவேர் ஐடி’யைப் பாருங்கள். அதில் ‘வென்’ என்பதற்குப் பின் வரும் நான்கு எழுத்துகள் தயாரிப்பாளரைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக். மடிக்கணினிகளில் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றுதான் இருக்கும்.

கேள்வி: இணைப்பு வருகிறது, ஆனால் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை. மடிக்கணினி, ரூட்டர் இரண்டும் ஜிகாபிட் என்றுதான் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. சில நாள்களில் இணைப்பு விட்டு விட்டு வருகிறது. கேபிள் முனையைச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தபோது எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன.

பதில்: அந்தச் சோதனைக் கருவிதான் உங்களைத் திசைதிருப்பியிருக்கிறது. ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருந்தாலும் அவை நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. 100 மெகாபிட் வேகத்துக்கு 1, 2 மற்றும் 3, 6 ஆகிய எண்களில் உள்ள இரண்டு இணைகள் மட்டுமே போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் தேவை. எனவே நீல இணையிலோ பழுப்பு இணையிலோ ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு ஒரேயடியாகச் சாவதில்லை. இரு கருவிகளும் எந்த வேகத்தில் பேசுவது என்ற உடன்பாட்டை முதல் இரண்டு இணைகளின் வழியாக முடித்துக்கொண்டு, ஜிகாபிட்டில் பேச முயன்று தோற்று, சிப்புக்கு அந்தத் திறன் இருந்தால் 100க்கு இறங்கும். இல்லாவிட்டால் எழுவதும் விழுவதுமாக இருக்கும். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் இதனுடன் பொருந்துகின்றன.

ஆனால் உங்கள் கருவியில் எட்டும் எரிகிறதே என்றால், அது ஒவ்வொரு கம்பியும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அறுபடாமல் செல்கிறதா என்பதை மட்டுமே காட்டும். எந்தக் கம்பி எதனுடன் முறுக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கேபிள் முனையைக் கிரிம்ப் செய்தவர் (கம்பிகளை முனைக்குள் பொருத்தி அழுத்தியவர்) நிறங்களை அடுத்தடுத்து இணைகளாகவே அடுக்கியிருந்தால், அதாவது ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று வரிசையாக வைத்திருந்தால், இரு முனைகளும் ஒன்றுபோல் இருப்பதால் கருவி மகிழ்ச்சியுடன் எட்டு விளக்கையும் எரிக்கும். ஆனால் 3, 6 என்ற இணை இப்போது வேறு வேறு முறுக்குகளில் பிரிந்துபோய்விட்டது. முறுக்கின் பயனே ஓர் இணையின் சமிக்ஞை இன்னோர் இணையில் ஊடுருவாமல் தடுப்பதுதான். அது கெட்டால் குறுகிய கேபிளில் பிழைத்துக்கொள்ளும் இணைப்பு, நீளம் கூடக் கூடத் தடுமாறும்.

புழக்கத்தில் உள்ள ‘டி568பி’ முறையில் சரியான வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை இணை நீல இணையைத் தாண்டி இருபுறமும் நிற்பதைக் கவனியுங்கள். கைவேலையாகக் கிரிம்ப் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். முனையின் ஒளிபுகும் பிளாஸ்டிக் வழியாகவே இந்த நிற வரிசையைப் படித்துவிட முடியும், கருவி எதுவும் வேண்டாம். முறுக்கை அவிழ்க்கும் நீளமும் முடிந்தவரை குறைவாக, ஓர் அரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கேபிளின் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. உறையில் ‘கேட் 5இ’ அல்லது அதற்கு மேற்பட்ட தரம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

வேகம் குறைவாகக் காட்டுகிறதே என்று அடாப்டரின் பண்புகளில் ‘ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்’ (வேகமும், இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசலாமா என்பதும்) மதிப்பைக் கையால் நிர்ணயித்துவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். ஒரு முனையில் ‘100 ஃபுல் டூப்ளெக்ஸ்’ என்று நிலையாக எழுதி, மறுமுனை தானியங்கியாக இருந்தால், மறுமுனையால் வேகத்தை ஊகிக்க முடியுமே தவிர டூப்ளெக்ஸை ஊகிக்க முடியாது. அது பாதி டூப்ளெக்ஸில் நின்றுவிடும். இணைப்பு இருப்பதுபோலவே தோன்றும், பிங் போகும், ஆனால் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பினால் ஊர்ந்து செல்லும். ‘ஆட்டோ நெகோஷியேஷன்’ என்பதே எப்போதும் இருக்க வேண்டிய அமைப்பு.

கேள்வி: மூடியை மூடி வைத்துத் திறந்தால் கம்பிவழி இணைப்பு காணாமல் போகிறது. மறுதொடக்கம் செய்தால் வந்துவிடுகிறது. முழுதாக அணைத்துப் போட்டால்கூடச் சில நேரம் வருவதில்லை, மறுதொடக்கத்தில் மட்டும் வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

பதில்: விளங்காமல் போனதில் வியப்பில்லை, பெயருக்கு நேர்மாறாக நடப்பது இது. விண்டோஸ் 8இலிருந்து வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கும்போது, ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் இயங்குதளத்தின் கருப்பகுதியும் டிரைவர்களின் நிலையும் வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே மீட்கப்படுகின்றன. குழம்பிப்போன லேன் டிரைவர் அதே குழப்பத்துடன் திரும்பி வருகிறது. ‘ரீஸ்டார்ட்’ மட்டுமே அனைத்தையும் புதிதாகத் தொடங்குகிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் சென்று அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

தூக்க நிலையிலிருந்து எழும்போது வரும் சிக்கலுக்கு, டிவைஸ் மேனேஜரில் ஈதர்நெட் அடாப்டரின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்று கணினிக்கு அனுமதி தரும் குறியை எடுத்துவிடுங்கள். ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்’ என்று இருந்தால் அதையும் நிறுத்திச் சில நாள் பார்க்கலாம்; சில ரூட்டர்களுடன் அது ஒத்துப்போவதில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால்தான் எது காரணம் என்பது உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: அலுவலகம் கொடுத்த மடிக்கணினி. வீட்டு ரூட்டரில் கேபிள் வேலை செய்கிறது. அலுவலக மேசையில் உள்ள சுவர்ப்புள்ளியில் செருகினால் முகவரியே வருவதில்லை. பக்கத்து மேசை நண்பரின் கணினி அதே புள்ளியில் இயங்குகிறது. சமீபத்தில்தான் டாக் (மடிக்கணினிக்குக் கூடுதல் போர்ட்டுகள் தரும் பெட்டி) ஒன்று கொடுத்தார்கள்.

பதில்: வீட்டில் இயங்குவதால் உங்கள் போர்ட்டும் டிரைவரும் குற்றமற்றவை. அலுவலக நெட்வொர்க் உங்களைத் தெரிந்தே மறுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். பல நிறுவனங்களில் கேபிள்களை ஒன்றிணைக்கும் சுவிட்ச் கருவியின் ஒவ்வொரு போர்ட்டும் பதிவு செய்யப்பட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும். டாக் வழியாக இணையும்போது நெட்வொர்க்குக்குத் தெரிவது பெரும்பாலும் டாக்கின் மேக் முகவரி, மடிக்கணினியுடையது அல்ல. பழைய முகவரி பதிவில் இருக்க, புதிய டாக்கின் முகவரி யாருக்கும் தெரியாமல் நிற்கிறது. மடிக்கணினியில் நேரடி லேன் போர்ட் இருந்தால் டாக்கைத் தவிர்த்து அதில் செருகிப் பாருங்கள். இணைப்பு வந்தால் ஐயம் தீர்ந்தது. மடிக்கணினியின் முகவரியையே டாக்கும் பயன்படுத்தும்படி செய்யும் வசதி சில மாடல்களின் பயாஸில் உண்டு, ஆனால் அதை மாற்றுவது உங்கள் ஐடி துறையின் முடிவாக இருக்கட்டும்.

இன்னொரு காரணம் 802.1எக்ஸ் எனப்படும் அடையாளச் சரிபார்ப்பு. கணினி தன் சான்றிதழையோ பயனர் பெயரையோ காட்டினால் மட்டுமே சுவிட்ச் வழிவிடும். விண்டோஸில் இதைக் கவனிப்பது ‘வயர்டு ஆட்டோகான்ஃபிக்’ என்ற சேவை. அது ஓடாமல் இருந்தால் அடாப்டரின் பண்புகளில் ‘ஆதென்டிகேஷன்’ பகுதியே தெரியாது. நீண்ட விடுப்புக்குப் பிறகு திரும்பியவர்களுக்குச் சான்றிதழ் காலாவதியாகி இதே நிலை வருவதும் உண்டு.

செருகிய உடனே இல்லாமல் அரை நிமிடம் கழித்துத் தானாக இணைப்பு வந்தால், அது வேறு கதை. நெட்வொர்க்கில் சுழல் ஏற்படாமல் காக்கும் ‘ஸ்பேனிங் ட்ரீ’ முறையின் பழைய வடிவில், புதிதாக உயிர்பெற்ற போர்ட்டைச் சுவிட்ச் இரண்டு கட்டங்களாக, தலா 15 விநாடி கவனித்த பிறகே தரவை அனுமதிக்கிறது. அதற்குள் மடிக்கணினி முகவரி கேட்டுக் களைத்து 169.254ஐ எடுத்துக்கொள்ளும். சுவிட்சை நிர்வகிப்பவர் அந்தப் போர்ட்டை முனைக்கருவிகளுக்கானது என்று குறித்துவிட்டால் காத்திருப்பு நீங்கிவிடும். உங்கள் பக்கத்தில் மாற்ற எதுவும் இல்லை.

கேள்வி: மாடி அறைக்கு இணையம் எட்டவில்லை என்று பழைய ரூட்டர் ஒன்றைக் கேபிளால் இணைத்தோம். அன்று முதல் வீட்டில் உள்ள மடிக்கணினிகள் ஒரு நாள் இயங்குகின்றன, மறுநாள் முரண்டு பிடிக்கின்றன. கேபிளை மாற்றியும் பயனில்லை.

பதில்: ஒரே வரிசையில் நிற்பவர்களுக்கு இரண்டு பேர் தனித்தனியே டோக்கன் கொடுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் நடக்கிறது. பழைய ரூட்டரின் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகியிருப்பீர்கள். அதிலும் டிஎச்சிபி இயங்கிக்கொண்டிருக்கும். மடிக்கணினி முகவரி கேட்டுக் குரல் கொடுக்கும்போது முதலில் யார் பதில் சொல்கிறாரோ அவருடைய முகவரியை அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. பழைய ரூட்டர் முந்திக்கொண்டால், இணையத்துடன் எந்தத் தொடர்பும் இல்லாத அதையே கேட்வே என்று நம்பிவிடுகிறது. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ‘ஐபிகான்ஃபிக்’ காட்டும் கேட்வே எண்ணைக் குறித்து வைத்து ஒப்பிட்டால் இரண்டும் வேறாக இருப்பதைக் காண்பீர்கள். இரண்டு ரூட்டர்களும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியைத் தமக்கு வைத்துக்கொண்டிருந்தால் எண்ணில் வேறுபாடு தெரியாது; அப்போது ஏஆர்பி கட்டளை காட்டும் மேக் முகவரி மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

பழைய ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபியை நிறுத்துங்கள். அதன் சொந்த முகவரியை முதன்மை ரூட்டருடையதோடு மோதாத, அது மற்றவர்களுக்கு வழங்கும் வரிசைக்கும் வெளியே உள்ள ஓர் எண்ணாக மாற்றுங்கள். லேன் போர்ட்டிலேயே கேபிள் இருக்கட்டும். ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற தெரிவு அதில் இருந்தால் அதை அழுத்தினாலே இவை பெரும்பாலும் தாமாக நடந்துவிடும்.

கேள்வி: வைஃபையும் கேபிளும் ஒரே நேரத்தில் இருக்கலாமா? கேபிளைச் செருகியதும் வைஃபையில் ஓடிக்கொண்டிருந்த இணையமும் நின்றுவிடுகிறது.

பதில்: இருக்கலாம். விண்டோஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் அதன் வேகத்தைப் பொறுத்து ஒரு முன்னுரிமை எண் தருகிறது. ஜிகாபிட் கேபிள் வழக்கமாக முந்திக்கொள்ளும். கேபிளின் மறுமுனையில் முகவரியும் கேட்வேயும் கிடைத்து, அதற்கு அப்பால் இணையம் இல்லாமல் இருந்தால் போக்குவரத்து அந்த முட்டுச்சந்துக்குத் திரும்பிவிடக்கூடும். அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா போன்றவற்றுக்காக மட்டும் கேபிள் செருகுபவர்களுக்கு இந்த அனுபவம் ஏற்படும். அப்படியானால் ஈதர்நெட்டில் நிலையான முகவரியை எழுதி, கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். உள்ளூர்க் கருவிகளுக்குக் கேபிளும் இணையத்துக்கு வைஃபையும் பயன்படும். இரண்டும் ஒரே முகவரி வரிசையில் இருந்தால் இந்த ஏற்பாடு செல்லாது.

கேள்வி: உபுண்டு பயன்படுத்துகிறேன். மேலே சொல்லும் சோதனைகளை லினக்ஸில் எப்படிச் செய்வது?

பதில்: டெர்மினலில் ‘ஐபி லிங்க்’ என்று கொடுங்கள். ஈதர்நெட் இடைமுகத்தின் வரியில் ‘நோ கேரியர்’ என்று இருந்தால் கேபிளில் தொடர்பு இல்லை. தொடர்பு இருந்தால் ‘ஐபி அட்ரஸ்’ முகவரியையும், ‘ஐபி ரூட்’ கேட்வேயையும் காட்டும். ‘ஈத்டூல்’ கட்டளைக்குப் பின் இடைமுகத்தின் பெயரைக் கொடுத்தால் ஒப்புக்கொண்ட வேகமும் டூப்ளெக்ஸும் தெரியும். இடைமுகமே பட்டியலில் இல்லையென்றால் ‘எல்எஸ்பிசிஐ’ கொடுத்துச் சிப் கண்ணில் படுகிறதா என்றும், ‘டிமெசேஜ்’ (dmesg) பதிவில் அதன் டிரைவரோ ஃபர்ம்வேரோ ஏறாமல் பிழை காட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இதே மடிக்கணினியில் விண்டோஸும் இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும்: அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், விண்டோஸை அணைத்துவிட்டு உபுண்டுவுக்குள் வரும்போது லேன் சிப் உறங்கிய நிலையிலேயே கைமாறி, எழாமல் இருந்துவிடக்கூடும். விண்டோஸில் அந்த வசதியை நிறுத்திய பிறகே உபுண்டுவின் டிரைவரைச் சந்தேகியுங்கள்.